ஊர் கேட்கக் கூடாத அறை

ஜூன் 17, செவ்வாய்

காலையிலேயே வெயில். காற்றில் புழுதி. பட்டறையில் நடவு மெஷின் இரண்டு நிற்கிறது. ஒன்றுக்குச் செயின், ஒன்றுக்கு கார்புரேட்டர். ஒரு விவசாயி மூன்று தடவை போன். "ஆயில் மாத்தாம ஓட்டுனா அப்படித்தான் நிக்கும்" என்றேன். மேனேஜரிடம் புகார்.

மேனேஜர்: "காலேஜ்ல ஏதோ ஆராய்ச்சியாம். தெரியாத ஆளோட உக்காந்து பேசணுமாம். போய்ட்டு வா. உனக்குத்தான் அது தேவை."

போனேன். மனோதத்துவ வகுப்பு. நடத்துபவர் ரெஜினா மேடம், என் வயதுதான் இருக்கும். முதல் பார்வையில் ஆளை என்ன எடைபோடுகிறோம், பழகிய பிறகு அது மாறுகிறதா என்று ஆய்வு. ஜோடி ஜோடியாக, மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் எதிராளிக்கு ஒன்றிலிருந்து ஏழு வரை மார்க்.

விதி: பெயர், ஊர், தெரு, குடும்பம் கேட்கக் கூடாது. சொல்லவும் கூடாது. நான் 16. எதிரே 17.

17: இஸ்திரிச் சட்டை, காபித்தூள் வாசனை. ஊர் கேட்காமல் எப்படித் தொடங்குவது? அவர்தான் ஆரம்பித்தார்,

"உங்க பக்கம் தண்ணி வந்துருச்சாங்க?"

"கல்லணை தொறந்தே ரெண்டு நாள்தான் ஆவுது. எங்களுக்கு இன்னும் ஒரு வாரம்."

"அட, கடைமடையா!"

மேடம் மணியை அடித்துவிட்டார். "தண்ணியும் கேக்கக் கூடாது! காலையிலேர்ந்து இதோட நாலாவது ஜோடி. வாயத் தொறந்தா ஆத்துத் தண்ணிதானா?"

சிரித்துவிட்டேன். தண்ணீரைக் கேட்டால் தாலுகா தெரியும். தெரு தெரியாது. இந்த விதி எனக்குப் பிடித்திருக்கிறது.

மீதி நேரம் முழுக்க அவர் பேச்சு. கிரிக்கெட், பைக் மைலேஜ், மறுபடி கிரிக்கெட். மார்க்: புத்தி 4. பொறுமை 3. நம்பலாமா? 2. வாய் அதிகம்.

ஜூன் 18, புதன்

வாங்க: பத்தாம் நம்பர் ஸ்பேனர், கிளட்ச் ஒயர், அம்மாவுக்கு முட்டித் தைலம்.

வீடு. ஜூலை ஒன்றுக்குள் கும்பகோணத்தில் குடியிருந்தால்தான் சர்வீஸ் இன்சார்ஜ். நடவு சீசனில் கூப்பிட்ட நேரத்துக்கு ஓட வேண்டுமாம். இல்லையென்றால் அந்தப் பதவி பட்டறையில் இன்னொரு மெக்கானிக் மோகனுக்குப் போய்விடும். மோகனுக்கு எஞ்சின் டைமிங் வைக்கத் தெரியாது.

இன்று மூன்றாவது வீடு. நாற்காலி போட்டார்கள்.

"எந்த ஊரு?"

"குடவாசல் பக்கம்." ஊர்ப் பெயரும் சொன்னேன்.

"அங்க எந்தத் தெரு?"

"காலனி."

செம்போடு வந்த அம்மாள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். "மாப்பிள்ளைய ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேன் தம்பி." முதல் வீட்டில் சாக்கு மச்சான். இரண்டாவதில் வாஸ்து.

அம்மா: "தெருவ ஏன்டா சொல்ற? மெயின் ரோட்டுக்கிட்டன்னு சொல்லேன்."

"நாளைக்கி சித்தப்பா வந்தா பரண்ல ஒளிச்சு வப்பியா?"

அம்மா வடைச் சட்டிக்குத் திரும்பிவிட்டது. வாழைப்பூ வடை நன்றாக இருந்தது. ஐந்து தின்றேன்.

ஜூன் 20, வெள்ளி

இரண்டாம் தடவை. மரக்குச்சிகளைக் கொடுத்து, இருவரும் சேர்ந்து பாலம் கட்டச் சொன்னார்கள். மெக்கானிக்கல் டிப்ளமா என்று தெனாவட்டாக ஆரம்பித்தேன். இரண்டு தடவை விழுந்தது. இரண்டும் என் அவசரம். 17 வாயைத் திறக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாவது நின்றது.

"வறுக்கும்போது இப்படிப் பறந்தா காப்பிக்கொட்டை கருகிடுங்க."

உண்மை. எரிச்சலாகவும் இருந்தது.

வீடு தேடுவதைச் சொன்னேன். அதற்கு விதியில் தடை இல்லை. "எங்க மாடி காலியாத்தான் கெடக்கு. ஞாயித்துக்கெழம வந்து பாருங்க." காலேஜ் கேட்டுக்கு வெளியே வந்ததும் பெயர் சொன்னார். பாஸ்கர். காபித்தூள் கடை. ஊர் மட்டும் கேட்கவில்லை. விதி பழகிவிட்டதோ என்னவோ.

பொறுமை 6. நம்பலாமா? 4.

ஜூன் 22, ஞாயிறு

மாடி நல்ல மாடி. இரண்டு அறை. கிழக்கே ஜன்னல், வெளியே வேப்பமரம். டேப் எடுத்துப் போயிருந்தேன். அடுப்பு மேடை அம்மாவின் உயரத்துக்குச் சரி. பீரோ படியில் ஏறும்.

கீழே பாஸ்கரின் அப்பா காபி கொடுத்தார். நல்ல பேச்சு. குறுவை, மெஷின் நடவு, ஆள் கிடைக்காதது. பிறகு கேட்டார். ஊர், அப்புறம் தெரு. பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"ஓ. சரி தம்பி. பாஸ்கர்கிட்ட சொல்லி அனுப்புறேன்."

பாஸ்கர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முந்தைய மூன்று வீடும் வலிக்கவில்லை. இது கொஞ்சம். அளவெடுத்திருக்கக் கூடாது.

ஜூன் 24, செவ்வாய்

எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. முன்னால் நுரை, செருப்பு, பிளாஸ்டிக் பாட்டில். பின்னால் செம்மண் நிறத்தில் தண்ணீர். அம்மா முட்டிவலியை மறந்து காலை நனைத்துக்கொண்டு நின்றது. நானும் பத்து நிமிடம். வேலைக்கு லேட்.

கார்புரேட்டர் சரி. கயிற்றின் முதல் இழுப்பிலேயே ஸ்டார்ட். போன் செய்த விவசாயி டீ வாங்கித் தந்தார். ஆயில் மாற்றச் சொல்லி மறுபடி திட்டினேன்.

பாஸ்கரிடமிருந்து போன் இல்லை.

ஜூன் 26, வியாழன்

கடைசித் தடவை. பாஸ்கர் லேட். மேடம், "இன்னிக்கி எது வேணாலும் கேக்கலாம்" என்றார்.

நான் கேட்பதற்கு முன் பாஸ்கரே: "வேற ஆளுக்கு விட்டாச்சுன்னு அப்பா சொல்லச் சொன்னாரு. யாருக்கும் விடல. அந்தப் பொய்ய சொல்ல எனக்கு வரலீங்க. நேத்து கடையே தொறக்கல. மாடிச் சாவியக் குடுத்தாத்தான் தொறப்பேன்னுட்டேன். தூக்கிப் போட்டுட்டாரு."

சாவி மேஜை மேல்.

வேண்டும்தான். ஆனாலும் அவர் பக்கமே தள்ளினேன். "எங்கம்மா படியேறும்போதெல்லாம் ஒருத்தர் மூஞ்சியத் திருப்பிக்கிற வீடு எங்களுக்கு வேணாங்க."

"அப்ப வேலை?"

"இன்னும் நாலு நாள் கெடக்கு."

"சனிக்கிழம நானும் வர்றேன். இங்க எனக்குத் தெரியாத தெரு இல்ல."

நம்பலாமா? 6. ஞாயிற்றுக்கிழமையே வாயைத் திறந்திருந்தால் 7.

ஜூன் 28, சனி

முறையை மாற்றினேன். நாற்காலி வரும்வரை காத்திருப்பதில்லை. கேட்டிலேயே, கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுவது.

முதல் வீடு இருபது வினாடி. இரண்டாவது அதைவிடக் குறைவு. மூன்றாவதில் நாய் மட்டும் பேசியது.

பாஸ்கர்: "இப்படி மொகத்துல அடிச்சாப்புல சொன்னா எவன் குடுப்பான்?"

"குடுக்கிறவன் குடுப்பான். அவங்களுக்கு டீயாவது மிச்சம்."

நான்காவது, ரிட்டயர்டு நர்ஸ் ஒருவர். தெருக்குழாயிலிருந்து இரண்டு கையிலும் குடம்.

"குடவாசல் பக்கம், காலனி. நானும் அம்மாவும். நடவு மெஷின் மெக்கானிக். வீடு வேணும்."

"மெக்கானிக்கா? மூணு நாளா மோட்டார் தண்ணியே ஏத்தல. உள்ள வா."

நான் நகரவில்லை. "காலனின்னேன். காதுல விழுந்துச்சாங்க?"

"விழுந்துச்சுப்பா. முப்பது வருசம் எல்லாத் தெருவுக்கும்தான் ஊசி போட்டேன். உங்கம்மா டிவிய அலற விடுமா? அதச் சொல்லு மொதல்ல."

"சீரியல் நேரத்துல மட்டும்."

"அப்ப நான் அலற விடுறதும் அதுக்குக் கேக்காது. சரி, கொடத்தப் பிடி."

கிணற்றில், குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வில் சருகு. இருபது நிமிட வேலை. பாஸ்கர் கயிறு பிடித்தார். அவருடைய இஸ்திரிச் சட்டை நாசம். அடுப்பு மேடை அம்மாவுக்கு இரண்டு அங்குலம் உயரம். பலகை போட்டுக்கொள்ளலாம். திங்கள்கிழமை பால் காய்ச்சுவது என்று பேசி முடித்தாயிற்று.

வீட்டில் சொன்னேன். அம்மா: "ஆனி மாசத்துல யாராச்சும் குடி போவாங்களாடா? கூறு இருக்கா உனக்கு?"

ஒரு மணி நேரமாகத் திட்டு. பாத்திரத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டே.