கவிச்சி நிறுத்திய வீடு

ஜூலை 2, 2024
மீன் விற்றுவிட்டு வந்து குளித்தேன். வீட்டில் ரசம்தான். என் மகன் உதயா பிப்ரவரியில் மூளையில் ரத்தம் கட்டிச் செத்ததிலிருந்து இந்த வீட்டில் கவிச்சி கிடையாது. பதினாறாம் நாள் காரியத்தோடு சொந்தக்காரர்கள் எல்லாரும் மீனுக்குத் திரும்பிவிட்டார்கள். நான் திரும்பவில்லை. அவன் தின்னாத மீன் எங்கள் தொண்டையில் எப்படி இறங்கும்? வருஷம் திரும்பட்டும் என்று அம்மன் முன்னால் சொல்லிவிட்டேன்.

"காசிமேட்டுல பொறந்துட்டு கோயில் சோறு துன்னுகினு கீறோம்" என்று மகள் நர்மதா முனகினாள்.

ஜூலை 19
நர்மதாவுக்கு இடது கால் வீக்கம். தண்டையார்பேட்டைத் துணிக்கடையில் நாளெல்லாம் நிற்கிறாளே, அதனால்தான். இருக்கும். இருக்கணும்.

ஜூலை 20
ஸ்கேனில் கால் நரம்பில் ரத்தக்கட்டி. இவளுக்குமா? ஆத்தா, இன்னா பண்ணிகினு கீற நீ? மிச்சம் வச்ச ஒண்ணையும் கேக்குறியா?

ஆகஸ்ட் 9
டாக்டர் ஷம்ஷாத் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். கீரையில் இருக்கும் ஃபோலிக் சத்தை உடம்பு மாற்றித்தான் எடுத்துக்கொள்ளுமாம். அதற்கான ஜீன் சிலருக்குக் கொஞ்சம் வேறு மாதிரி. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று அது சேர்ந்து வந்தால் அந்த வேலை மந்தம். நர்மதாவுக்குச் சேர்ந்து வந்திருக்கிறது. உதயாவுக்கும் இருந்திருக்கலாம். கூடவே பி12 சத்தும் குறைந்தால் ஹோமோசிஸ்டீன் என்று ஒன்று ரத்தத்தில் ஏறும். ரத்தக்குழாய் கெடும், ரத்தம் கட்டும்.

என் புருஷன் வேலப்பன் என் அம்மாவின் தம்பி. தாய்மாமனைக் கட்டினதாலா என்று கேட்டேன்.

"வாய்ப்பு கொஞ்சம் கூடும். வெளியில கட்டுனவங்களுக்கும் வரும்மா. இது இருக்குற எல்லாருக்கும் கட்டி வர்றதும் இல்ல."

பிறகு ரிப்போர்ட்டைப் பார்த்தார். "பி12 மீன்ல, முட்டைல, பால்ல எல்லாம் இருக்கு. மீன்காரங்க வீட்டுப் பொண்ணுக்கு எப்படிம்மா இவ்ளோ கம்மி?"

கவிச்சி நிறுத்தியதை மறைத்துவிட்டேன். நர்மதாவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 10
நான்தான். நான்தான்.

ஆகஸ்ட் 12
வேலப்பன் மாமா கடலிலிருந்து வந்தார். சொல்லி அழுதேன்.

"போட்ல நான் தெனம் மீன் துன்னுகினுதான் இருந்தேன் புள்ள. நீ வாணாம்ன, வூட்ல மண்டைய ஆட்டிட்டேன். அவளுக்கு ஒரு துண்டு எட்தாந்து குட்த்துருக்கலாம்."

திட்டவாவது செய்திருக்கலாம்.

ஆகஸ்ட் 14
டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். "அஞ்சாறு மாசத்துல இவ்ளோ எறங்காதும்மா. முன்னாடியே கம்மியா இருந்திருக்கும். இது இன்னும் கொறச்சிருக்கும்" என்றார். ஊசி, மாத்திரை, கட்டிக்குத் தனி மருந்து. இனிமேல் கட்டி வராதே என்று கேட்டேன். "ஹோமோசிஸ்டீன் எறங்கும். கட்டியே வராதுன்னு சத்தியம் பண்ண முடியாது." பொய்யாவது சொல்லக் கூடாதா இந்தம்மா?

ஆகஸ்ட் 18
கோயிலுக்குப் போனேன். கோவம் இருந்தா என் மேல காட்டு, அவளை வுட்டுடு என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும்போது சங்கரா மீன் எடுத்து வந்தேன். ஆய மட்டும்தான் முடிந்தது. கால் நொண்டிக்கொண்டே நர்மதாதான் குழம்பு வைத்தாள். இரண்டு தட்டு போட்டாள். எனக்கு வேண்டாம் என்றேன்.

"அப்போ எனக்கும் வாணாம். எட்த்து கொட்டிடு."

முதல் வாயை எடுத்து வைத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழம்பில் உப்பு பத்தவில்லை. சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன்.