பக்கெட்டில் ஊறும் உறை

இன்று காலை கடையைத் திறந்ததும் ஈரத்தோல் வாசனை முகத்தில் அடித்தது. ஆம்பூர்க்காரிக்கு அது புதிதில்லை. காற்று திரும்பினால் ஊருக்கே அந்த வாசனைதான். ஆனால் இது பின்கட்டில் இருக்கும் நீலப் பக்கெட்டிலிருந்து வந்தது. நேற்றுத் தைத்து வந்த வாக்கி டாக்கி உறைகளில் ஒன்றை எடுத்துத் தண்ணீரில் அமுக்கி, மேலே ஒரு கல்லை வைத்திருந்தேன். எத்தனை உறை தைத்து வந்தாலும் அதில் ஒன்று பக்கெட்டுக்குப் போகும். அது உன் பங்கு. நீ கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிறது. உன் பங்கை எடுத்து வைத்த பிறகுதான் இன்றும் விற்பனை தொடங்குகிறது.

பாகாயத்திலிருந்து ஒரு ஆசிரியை வந்திருந்தார். ஜவ்வாது மலையில் இருபது பேரை நடத்திக்கொண்டு போகிறாராம். வாக்கி டாக்கி செட் வாங்கியாகிவிட்டது, அதற்கு வேண்டிய மற்ற சாமான்கள் வேண்டும் என்று போனில் ஒரு நீளமான பட்டியலைக் காட்டினார். பேசிக்கொண்டே பின்கட்டை எட்டிப் பார்த்தவர் கேட்டார்: "இன்னா மேடம், நல்ல தோலப் போயி தண்ணில ஊறப் போட்டுக்கிறீங்க?"

ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. உன்னிடத்திலிருந்து அல்லவா தொடங்க வேண்டும்.

நாம் இரண்டு பேரும் ஒரே ஷூ கம்பெனியில் பக்கத்துப் பக்கத்துத் தையல் மிஷினில் உட்கார்ந்தவர்கள். நீ மதியச் சாப்பாட்டு நேரத்தில் பரீட்சைப் புத்தகத்தைப் பிரித்தாய். நான் கீழே விழுந்த தோல் துண்டுகளைப் பிரித்தேன். நீ ரயில்வேயில் தேறி ஜோலார்பேட்டையில் கூட்ஸ் வண்டிக்குக் கார்டாகப் போனாய். நான் பைபாஸ் ரோட்டில் பெல்ட், பர்ஸ் என்று ஒரு சின்னக் கடை போட்டேன். "பொம்பளைக்கு கார்டு வேலையா?" என்று உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "துண்டு பொறுக்கி மொதலாளி ஆவப் போறா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் பிறகு என் கடையில்தான் பெல்ட் வாங்கினார்கள். இதைப் பெருமையாகத்தான் எழுதுகிறேன்.

லீவு நாளில் நீ ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஏலகிரி ஏறுவாய். ஒருநாள் மஞ்சள் பையில் மூன்று வாக்கி டாக்கிகளைப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தாய். லைசென்ஸ் தேவைப்படாத சின்ன செட்டுகள்.

"மொதலாளியம்மா, இதுங்களுக்கு ஒரு சட்டை தெச்சுக் குடு. இடுப்புல கிளிப்பு போட்டு மாட்டினா, பாறையில ஒக்காரும்போது படக்குனு ஒடையுது."

தைத்தேன். நம் ஊர் தையல் எப்படி? ஷூவை அச்சின் மேல் இழுத்துப் பிடிக்கிற மாதிரிதான். தோலை நனைத்து, செட்டின் மேலேயே இறுக்கி இழுத்து, வடிவம் பிடிக்க வைத்தேன். பொத்தான்கூடத் தோலுக்கு மேலே புடைத்துத் தெரிந்தது. அவ்வளவு கச்சிதம்! நீ கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாய்:

"பேசுற பொத்தான் மேலயே தோல் ஒக்காந்துகினு இருக்கு. கொஞ்சம் எடம் வுடு."

"எடம் வுட்டா அது பைடி, உறை இல்ல. லூசு ஷூவ யாராவது நல்ல ஷூன்னு சொல்வாங்களா?"

"ஷூவுக்கு பொத்தான் இல்லியே, மொதலாளி."

நான் கேட்கவில்லை. தோல் விஷயத்தில் ரயில்காரி எனக்குப் பாடம் சொல்வதா? அதே மாதிரி இன்னும் சில உறைகளைத் தைத்து, மலை ஏறுகிறவர்களுக்கு விற்றும்விட்டேன்.

மற்றச் சாமான்களை வாங்க நாம் சென்னைக்குப் போனது நினைவிருக்கிறதா? நான் கண்ணில் பட்டதையெல்லாம் கூடையில் போட்டேன். நீ ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாய். நீள ஆண்டெனாவைப் பார்த்து, "முள்ளுச் செடியில மாட்டி முறிஞ்சா, இருக்கிறதும் போச்சு" என்றாய். இரண்டு காதுக்கும் போடுகிற இயர்போனைப் பார்த்து, "ரெண்டு காதையும் அடைச்சிகினா பின்னாடி வர்றவன் விழுற சத்தத்த யாரு கேக்கறது? ஒத்தக் காது போதும்" என்றாய். தோள்பட்டையில் குத்திக்கொள்கிற மைக் மட்டும் உனக்குப் பிடித்தது. கை இரண்டும் பாறைக்கு வேண்டுமே. கூடுதல் பேட்டரிக்கு வேறு வேறு சார்ஜர் என்றதும் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாய். "காட்டுல கடை இல்ல" என்பதுதான் நீ அன்று முழுக்கச் சொன்னது.

மலை நடைக்கு நீ ஒரு ரயில்வே சட்டம் வைத்திருந்தாய். வண்டியின் கடைசிப் பெட்டியில் எல்.வி., அதாவது 'லாஸ்ட் வெஹிக்கிள்', என்று ஒரு பலகை தொங்கும். அதைப் பார்த்தால்தான் ஸ்டேஷன்காரருக்கு வண்டி முழுசாக வந்து சேர்ந்தது என்று தெரியும். அதே மாதிரி நடையிலும் கடைசி ஆள் ஒருவர். அவர் யாரையும் தாண்டக் கூடாது. எப்போதும் நீதான் கடைசி. என் உறைகளோடு முதல் தடவை மலை ஏறிய அன்று, பாதை புதிது என்பதால் நீ முன்னால் போக வேண்டியிருந்தது. நடுவில் வருகிறவர் என்று குடியாத்தத்துத் தறிக்காரர் ஒருவரிடம் ஒரு செட். கடைசியில் நான்.

காலையில் நல்ல மழை. நீங்கள் இரண்டு பேரும் செட்டை மழைக்கோட்டுக்குள் வைத்துக்கொண்டீர்கள். நான் மட்டும் வெளியே மார்பில் மாட்டிக்கொண்டேன். என் கைவேலையை நாலு பேர் பார்க்க வேண்டாமா? மழை விட்டதும் வெயில் சுள்ளென்று அடித்தது.

ஒரு வளைவில் தறிக்காரர் பாறையில் உட்கார்ந்துவிட்டார். "நீ போம்மா, மூச்சு வாங்கிகினு வந்துடறேன்" என்றார். நான் போனேன். கடைசி ஆளான நான் அவரைத் தாண்டினேன். முன்னால் போன இரண்டு பெண்களைப் பிடித்துக்கொண்டு, என் உறையின் மகிமையைச் சொல்ல ஆரம்பித்தேன். பெங்களூருக்கு அனுப்புவேன், கப்பலில் ஏற்றுவேன், மழை என்ன செய்யும், புயல் என்ன செய்யும் என்று ஒரே பேச்சு.

மேலிருந்து நீ ஓடி வந்தாய். உனக்கு ஓடுகிற வயதில்லை. வந்ததும் என் மார்பிலிருந்த செட்டைப் பிடித்து, பேனாக்கத்தியால் உறையை ஒரே கிழி. வெயிலில் காய்ந்த தோல் சுருங்கி, பேசுகிற பொத்தானை அமுக்கிப் பிடித்திருந்தது. முக்கால் மணி நேரமாக மலை முழுக்க என் குரல் மட்டும்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது. வேறு யாராலும் பேச முடியவில்லை.

நீ உறையைப் பற்றிக் கேட்கவில்லை. "உனக்குப் பின்னாடி யாரு?" என்றாய்.

நான் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

எந்த மலையிலும் நான் அவ்வளவு வேகமாக இறங்கியதில்லை. உட்கார்ந்திருந்த பாறையில் அவர் இல்லை. எழுந்து நடந்து, ஈரத்தில் சறுக்கி, பாதைக்குக் கீழே ஒரு புதரில் மாட்டியிருந்தார். கணுக்கால் பூசணி மாதிரி வீங்கியிருந்தது. ஒரு கையில் வேரைப் பிடித்திருந்தார், இன்னொரு கையில் செட். என்னைப் பார்த்துக் கோபப்படக்கூட இல்லை.

"கூப்டுகினேதாம்மா இருந்தேன். நீதான் பேசிகினே இருந்தே."

அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். கீழே வந்ததும் எல்லாரும் செட்டைக் குறை சொன்னார்கள். "சீப்பு செட்டு, அதான்" என்றார் ஒருவர். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வியாபாரிக்கு அது வசதியான மௌனம். நீதான் எல்லார் முன்னாலும் சொன்னாய்: "செட்டு மேல கொற இல்ல. உறை மேலதான்."

அதற்காக உன்னோடு ஒரு மாதம் பேசவில்லை. மானம் போய்விட்டது என்று நினைத்தேன். நீ தப்பாகச் சொன்னாய் என்று நிரூபிக்கத்தான் முதன்முதலில் அந்த நீலப் பக்கெட்டை வாங்கினேன். புது உறையை ஊறப் போட்டேன், செட்டை மாட்டினேன், வெயிலில் வைத்தேன். பக்கத்தில் இன்னொரு செட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் அந்தச் செட்டு தானாக உயிர் பெற்றது. என் கடையின் மிஷின் சத்தம் அதில் கேட்டது.

பக்கெட்டோடு பஸ் ஏறினேன். ஏன் பக்கெட்டையும் எடுத்துக்கொண்டேன் என்று இன்றைக்கும் தெரியாது. ஜோலார்பேட்டையில் நீ வண்டியை விட்டு இறங்கி, கையில் கொடியோடு வந்தாய். என்னைப் பார்த்து நின்றாய்.

"இன்னாடி இது, தண்ணி புடிக்க ஆம்பூர்லேர்ந்து இங்க வந்துகிறியா?"

"உறை மேலதான் கொற."

"அத சொல்றதுக்கு பஸ் சார்ஜா! போன்ல சொல்லக் கூடாதா, மொதலாளி?"

நீ சிரித்த சிரிப்பில் பிளாட்பாரத்தில் போர்ட்டர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நீ சொன்ன ஒன்று எனக்குள் நின்றுவிட்டது: "தப்ப தூக்கிகினு வந்தியே, அது பெரிசு. ஜாஸ்தி பேரு தூக்க மாட்டாங்க."

விற்ற உறைகளையெல்லாம் வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கினேன். தறிக்காரர் வீட்டுக்குத்தான் முதலில் போனேன். அடுத்த நடைக்கு அவர் வந்தபோது, "கெளம்பறதுக்கு முன்னாடி இந்தம்மா செட்ட யாராவது செக் பண்ணுங்கப்பா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இப்போது என் உறையில் பேசுகிற பொத்தானைச் சுற்றி ஒரு விரல் இடம் இருக்கும். ஊறிக் காய்ந்த பிறகும் அந்த விரல் போக வேண்டும். அதில்லாமல் ஒன்றுகூட என் கடைப்படி இறங்காது. பனிமலைக்குப் போகிறவர்கள்கூட என்னிடம் வாங்குகிறார்கள். துண்டு பொறுக்கியின் உறை!

இதையெல்லாம் அந்த ஆசிரியையிடம் சொன்னேன். பட்டியலில் பாதியை உன் மாதிரியே அடித்துவிட்டேன். போன வாரம் ஊறிக் காய்ந்த உறையை எடுத்துக் கையில் கொடுத்தேன். அவர் போனில் இருந்த வேறொரு உறைப் படத்தைப் பார்த்தார். இறுக்கமான, பளபளப்பான உறை.

"உங்களுது பாக்க கொஞ்சம் லூசா இருக்கே மேடம்."

"இந்த மாதிரிதான் தருவேன். அந்த மாதிரி வேணும்னா வேற கடை பாருங்க."

விரலை விட்டுப் பார்த்தார். உறையின் ஓரத்தில் தொங்கிய சின்னத் தோல் வில்லையைத் திருப்பினார். எந்த நடைக் குழு வாங்கினாலும் ஒரு உறைக்கு மட்டும் அது உண்டு. அதில் எல்.வி. என்று குத்தியிருக்கும். அது என்ன என்று கேட்டார், சொன்னேன்.

"எங்க குரூப்புல அதுக்கு ஆளு கெடைக்காது மேடம். எல்லாருக்கும் மொதல்ல மேல போயி போட்டோ எடுக்கணும்."

"நான் வரேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறோம். முழங்கால் கொஞ்சம் மக்கர் செய்கிறது, பரவாயில்லை. கடைசி ஆளுக்கு அவசரம் இல்லை. அந்த வில்லை தொங்கும் உறையை நான்தான் மாட்டிக்கொள்கிறேன், மழைக்கோட்டுக்கு உள்ளே. வழியில் யாராவது மூச்சு வாங்க உட்கார்ந்தால், பக்கத்திலேயே நானும் உட்காருவேன்.