பதினான்கு பேருக்கு ஒரே எண்

இன்று காலை ஆபீஸ் கணினியைத் திறந்ததும் உன் முகம்தான் முதலில் வந்தது. ஊர் பேரிகை, பம்ப்செட் மோட்டார் மெக்கானிக், எங்கள் கம்பெனியின் கூட்டாளி. கீழே சிவப்பில் ஒரு வரி: "இவர் மூன்று மாதமாக முகம் காட்டவில்லை. நீக்கவா?"

அந்த வரியை எழுதிக் கொடுத்தவனே நான்தான். பத்தாவதில் ஆங்கிலத்தை இரண்டு முறை கோட்டைவிட்டவன், ஆப்பில் எந்தக் கேள்வி எங்கே வர வேண்டும் என்று பெங்களூர் இன்ஜினியர்களுக்குப் பாடம் எடுத்தேன். அனுபவிக்கிறேன்.

நினைவிருக்கிறதா, மெக்கானிக்குகளை ஆப்பில் சேர்க்கும் கூட்டாளித் திட்டம் தொடங்கிய நாள்? சூளகிரி மண்டபத்தில் எலுமிச்சை சாதமும் ஆளுக்கொரு கம்பெனி சட்டையும் கொடுத்து, "உங்கள் போன் நம்பரைப் பதியுங்கள்" என்றேன். உன் பக்கத்து ஊர் மெக்கானிக்குகள் பதினான்கு பேரும் பதிந்தார்கள். எல்லாரும் உன் நம்பரை!

மோசடி என்று மேலிடத்தில் என்னை வறுத்தெடுத்தார்கள். வந்த கோபத்தில் வண்டியை முறுக்கிக்கொண்டு உன் கடைக்கு வந்தேன்.

"வாய்யா ஆபீசரே, என்னா திருடு கண்டுபுடிச்ச?"

"பதினாலு பேருக்கு ஒரே நம்பரா? என் வேலையே போயிடும்யா."

"அவனுங்க போனு மாசத்துக்கொருக்கா கெணத்துல விழும். என் நம்பர் மாறாது. மோட்டாரு நின்னா வெவசாயி உன் ஆப்பையா தொறப்பான்? எனக்குத்தான் அடிப்பான். நான் ஆள அனுப்புவேன்."

உன் கையெல்லாம் கிரீஸ். போன் உன் மனைவி மஞ்சுளாவிடம் இருந்தது. ஆப்பைத் திறக்கப் பதினான்கு பேருக்கும் வரும் ஓடிபி அதில்தான் விழும். "ஒகட்டி, தொம்மிதி, சுன்னா, ஏடு" என்று ஒருவருக்கு எண்களைத் தெலுங்கில் சொல்லிவிட்டு, அடுத்தவருக்குக் கன்னடத்துக்குத் தாவினாள். மூச்சுகூட வாங்கவில்லை. நான் திட்ட வந்ததை மறந்து நின்றேன்.

மறுநாளே மேலிடத்தில் போய்ச் சொன்னேன்: இது திருட்டில்லை, இவர்கள் வேலை செய்யும் முறையே இதுதான், ஆப்தான் மாற வேண்டும். சிரித்தார்கள். ஆனாலும் 'குழு' என்று ஒரு பக்கம் போட்டுக் கொடுத்தார்கள். தலைவர் மட்டும் மாதம் ஒருமுறை முகம் காட்டினால் போதும், மற்றவர்கள் அவர் பின்னால். மத்தூர், கல்லாவி மெக்கானிக்குகளும் அதே வழியில் வந்தார்கள். எனக்கு ஒரு கேடயம் கிடைத்தது. "பாதிய அறுத்துக் குடு" என்று கேட்டாய். இன்னும் அறுக்கவில்லை.

நீ போன பிறகும் வேலை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. முகம் மட்டும் இல்லை. உன்னை நீக்கினால் பதினான்கு பேரும் சேர்ந்தே போவார்கள். மேனேஜர் இன்று சொன்னார்: "செத்தவர் பேர்ல ஐடி எதுக்குங்க? ரோட்டு மேல பெரிய கடை ஒண்ணு கேட்குது, அவங்களுக்குக் குடுத்துடலாம்."

"சார், முதல்ல இந்த நம்பருக்குப் பேசுங்க. விவசாயி மாதிரி."

ஸ்பீக்கரில் போட்டார். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்றார். எடுத்தது மஞ்சுளா.

"எந்த ஊருங்ணா? சத்தம் எப்பவும் போலதான் வருதா, மாறிருக்கா? சரி, ஆப் பண்ணி வெச்சிடுங்க, தொடாதீங்க. அரமணியில ஆளு வருவாரு. வேலை முடிஞ்சதும் போனுக்கு ஒரு நம்பரு வரும், அத அவருக்கு மட்டும் சொல்லுங்க."

"நீங்க யாரும்மா?"

"மெக்கானிக் வீடுங்க."

"அவர் இல்லையா?"

"இல்லைங்க. ஆனா வேலை நிக்காதுங்க. ஊரச் சொல்லுங்க."

மேனேஜர் போனை வைத்துவிட்டு, "அந்தம்மாகிட்ட சர்டிபிகேட் இருக்கா?" என்று கேட்டார்.

"எங்கிட்டயே இல்லையே சார்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தலைவரை மாற்றும் தாளில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு பேரிகைக்கு வண்டியை விட்டேன்.

படம் எடுக்கப் போனபோது மஞ்சுளா தலையைத் தூக்கவே இல்லை. "அவரு பேர எடுத்துடுவீங்களாணா?" என்றாள்.

தலைவர் என்ற இடத்தில் அவள் பெயரைப் போட்டேன். 'குழுவின் பெயர்' என்ற கட்டம் இத்தனை நாளாகக் காலியாகவே கிடந்தது. அதில் உன் பெயரைப் போட்டேன். போனைத் திருப்பிக் காட்டியதும் நிமிர்ந்து பார்த்தாள். அப்போது எடுத்த படம்தான் பதிவாகியிருக்கிறது. "நீக்கவா?" என்றதற்கு "இல்லை" என்று அழுத்தினேன்.

இனி ஒவ்வொரு குழுவிலும் வீட்டில் போன் எடுப்பவருக்கும் ஒரு இடம் வேண்டும் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். முடியாது என்பார்கள். போன தடவையும் அப்படித்தான் சிரித்தார்கள். விடமாட்டேன்.

எனக்கு ஓடிபி வந்தால் இப்போதும் வாய்விட்டு, தெலுங்கில்தான் படிக்கிறேன். என் மகள் தலையில் அடித்துக்கொள்கிறாள்: "அப்பா, அது ரகசியம்! தெருவுக்கே கேக்குது."

ரகசியம்தான். பதினான்கு பேருடைய ரகசியமும் ஒரே போனில் கிடந்து, ஒருவருக்கும் ஒன்றும் கெட்டுப்போகாத வீட்டை நான் பார்த்திருக்கிறேனே. அதை இவளுக்கு எப்படிச் சொல்வேன்? ஒகட்டி, தொம்மிதி, சுன்னா, ஏடு.