ஒன் பை டூ காபி

சிகந்திராபாத்,
14.8.2007

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் வாங்கிக்கொள். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

ஆபீஸ் வேலையாகப் புனேயிலிருந்து ஒரு வாரம் ஹைதராபாத் வந்திருக்கிறேன். இன்று காலை சனத்நகரில் அந்த டிபன் கடைக்குப் போனேன். கல்யாணமான புதிதில் அவரும் நானும் ஞாயிறு தவறாமல் போவோமே, அதேதான். பெசரட்டு தோசை இன்னும் அதே முறுகல்.

சப்ளையர் கோவிந்தராஜன் என்னை மறக்கவில்லை. கேட்காமலே, பழையபடி ஒரே காபியை இரண்டு டம்ளரில் பிரித்து ஒன் பை டூவாகக் கொண்டுவந்து, ஒரு டம்ளரை எனக்கும் இன்னொன்றை எதிர் நாற்காலிக்கும் வைத்தார்.

"சார் பின்னால வர்றாரா மேடம்?"

அமெரிக்காவுக்கு ஆன்சைட் வேலையாகப் போயிருக்கிறார் என்று சொல்லும்படி நீ பாடம் படித்துக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை.

"இல்லைங்க. விவாகரத்து ஆயிடுச்சு."

குடியொன்றும் முழுகிவிடவில்லை அம்மா. கோவிந்தராஜன்தான் பதறிப்போய் எதிர் டம்ளரை எடுக்கப் போனார். "எடுக்காதீங்க, இருக்கட்டும்" என்றேன்.

இனி யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். நீயும் சொல்லப் பழகு.

பரணில் இருக்கும் சின்னக் குக்கரைத் துடைத்து வை. தீபாவளிக்கு வரும்போது எடுத்துப்போகிறேன். பெரியதில் ஒரு ஆளுக்கு வைத்தால் அடிபிடிக்கிறது.

ஆபீஸ் வண்டி ஹாரன் அடிக்கிறது. முடிக்கிறேன்.

உன் மகள்,
பூங்கொடி

பி.கு.: அந்த இரண்டாவது டம்ளர் ஆறிப்போயிருந்தது. அதையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.