இடது சக்கரம்

ஆனைக்கல் தோட்டம்,
பொகவந்தலாவை.
18.1.1963

நஜீம் அவர்களுக்கு,

நீங்கள் இப்போது கொழும்பில், பஞ்சிகாவத்தையில் ஒரு மோட்டார் சாமான் கடையில் இருப்பதாக உங்கள் தங்கை நஸீரா பஜாரில் சொன்னார். அதனால் எழுதுகிறேன். வேறு காரணம் இல்லை.

தோட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கும் துரை, பேக்டரிக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் பழைய பட்டாளத்து ஜீப்பைப் பார்த்துவிட்டார். மேற்பிரிவுக்கு லொறி ஏறாது. நோயாளிகளை இன்னமும் கம்பளியில் கட்டித்தான் தூக்கி வருகிறோம். இதைச் சரிபண்ண முடியாதா என்று கேட்டார். பேக்டரி மிஷின்களைப் பார்க்கும் பிட்டர் நான்தானே, முடியும் என்று வாய் கொடுத்துவிட்டேன்.

முன்பக்கம் இடது ஸ்பிரிங்கில் மூன்று பட்டை உடைந்திருக்கிறது. அதை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட் இரண்டும் வளைந்துவிட்டன. சக்கரம் மாட்டும் ஹப்பின் மேல் பிரேக் டிரம் நசுங்கி, சேறு இறுகிக் கிடக்கிறது. அன்றைக்குச் சங்கிலி போட்டு இழுத்து வந்து போட்டதோடு சரி, இதுவரை யாரும் திறந்து பார்க்கவில்லை. பட்டைகள், யூ போல்ட், அந்தச் சக்கரத்துக்குப் பேரிங் ஒரு ஜோடி கிடைக்குமா என்று தெரிவிக்கவும்.

நடந்ததைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. என் சம்சாரம் மீனம்மா கம்பு ஊன்றி நடக்கிறாள். மலைக்குக் கொழுந்தெடுக்கப் போக முடியாததால் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள்.

இப்படிக்கு,
க. அழகுமுத்து


பஞ்சிகாவத்தை,
கொழும்பு.
24.1.1963

அன்புள்ள முத்து அண்ணனுக்கு,

அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் கடையை விட்டு வெளியே போய் நின்றுதான் பிரித்தேன். 'அவர்களுக்கு' என்று போட்டிருந்தீர்கள். அதைவிடக் கடுமையாக எதைப் போட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

நீங்கள் கேட்ட சாமான் எல்லாம் கிடைத்தது. நாளைய ரயிலில் ஹட்டனுக்கு அனுப்புகிறேன். பேரிங் இரண்டும் யுத்த காலத்துச் சரக்கு, சுற்றிய எண்ணெய்க் காகிதம்கூடக் கிழியவில்லை. மாட்டும்போது உள் நட்டைச் சக்கரம் இறுகும்வரை முறுக்கி, பிறகு ஆறில் ஒரு சுற்று தளர்த்திவிடுங்கள். அதன்மேல் பூட்டு வாஷர், அதன்மேல் வெளி நட்டு. கடைசியில் வாஷரின் காதை நட்டின் மேல் மடித்துவிட வேண்டும். மடித்தால் நட்டு அசையாது.

அந்த இடது சக்கரத்தைக் கழற்றி மாட்டிய அன்றைக்குக் காதை நான் மடித்தேனா என்றுதான் ஐந்து வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். உளியும் சுத்தியலும் கையில் இருந்தது ஞாபகம் இருக்கிறது. தட்டியது ஞாபகம் இல்லை. மறுநாள் காய்ச்சலில் கிடந்த மீனம்மா அக்காவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஒரு வளைவில் சக்கரம் கழன்று வண்டி பள்ளத்தில் போனது. 'இவன் வாஷர மடிக்காம விட்டுட்டான் தொர' என்று நீங்கள் பழைய துரையிடம் சொன்னபோது, மடித்தேன் என்று அடித்துச் சொல்ல எனக்கே உறுதியில்லை. என்னை டிரைவர் வேலையை விட்டு நிறுத்தியது நியாயம்தான். அக்காவை வைத்து ஓட்டினவன் நான்தானே.

இங்கே சாமான் விற்பதோடு சரி. ஸ்பானரைத் தொடுவதில்லை.

ஹப்பைத் திறந்ததும் அந்தக் காது எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். எதுவானாலும் எழுதுங்கள்.

அக்காவுக்கு என் ஸலாம்.

உங்கள் தம்பி,
நஜீம்


ஆனைக்கல் தோட்டம்,
10.2.1963

நஜீமுக்கு,

சாமான் பழுதில்லாமல் வந்து சேர்ந்தது. ஸ்பிரிங் பட்டைகளை மாட்டிவிட்டேன். ஒரு நாள் முழுக்க எனக்கும் ஜாக்கிக்கும் மல்லுக்கட்டு, ஜாக்கிதான் ஜெயித்தது. மறுநாள் பேக்டரியில் இருக்கும் வீரய்யாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒருவழியாக முடித்தேன். வண்டி இப்போது சாயாமல் நிற்கிறது.

நசுங்கிய டிரம்மை வெட்டி எடுத்துவிட்டு ஹப்பைத் திறந்தேன். சக்கரம் மாட்டும் ஐந்து ஸ்டட்டில் மூன்று முறிந்திருக்கிறது. மற்ற இரண்டும் முழுசாக இருக்கின்றன, திருகுப் புரிகூடக் கெடவில்லை. நட்டை மட்டும் காணோம். அந்த இரண்டின் நுனியிலும் எல் என்று ஒரு இங்கிலீஷ் எழுத்து வெட்டியிருக்கிறது. அது எதற்கு? தெரிந்தால் தாமதிக்காமல் எழுதவும்.

அழகுமுத்து


பஞ்சிகாவத்தை,
15.2.1963

அன்புள்ள முத்து அண்ணனுக்கு,

நோன்பு நடக்கிறது. பகலில் கடையில் பேச்சு குறைவு, எழுத நேரம் இருக்கிறது.

அந்த எழுத்துக்கு இடதுபக்கம் என்று அர்த்தம். இந்த ஜீப்பில் இடதுபக்கச் சக்கரங்களுக்கு மட்டும் புரி தலைகீழ். ஓடுகிற ஓட்டத்தில் நட்டு கழலாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். உங்கள் பேக்டரியில் எந்த நட்டும் வலப்பக்கம் சுற்றினால் இறுகும். இது இடப்பக்கம் சுற்றினால்தான் இறுகும், வலப்பக்கம் சுற்றினால் கழன்றுவிடும். நான் தொழில் பழகிய ஹட்டன் கராஜில் முதல் நாளே தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். உங்களுக்கு இதைச் சொல்லும் தேவையே வரவில்லை. அந்தச் சக்கரத்தை என்னைத் தவிர யாரும் தொட்டதில்லையே. புது ஸ்டட்டும் நட்டும் ஐந்தைந்து இத்துடன் அனுப்புகிறேன்.

வாஷரைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. மடிக்காமல்தான் இருந்தது என்று புரிந்துகொண்டேன். என் முகத்துக்கு நேரே சொல்ல உங்களுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதானே.

உங்கள் தம்பி,
நஜீம்


பஞ்சிகாவத்தை,
20.3.1963

அன்புள்ள முத்து அண்ணனுக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. ஸ்டட் கிடைத்ததா? அக்காவுக்கு உடம்பு சுகம்தானே? நோன்புப் பெருநாளன்று உங்கள் இரண்டு பேரையும் நினைத்துக்கொண்டேன். அக்கா எங்கள் வீட்டு வட்டிலாப்பத்தை வழித்துத் தின்றுவிட்டு, 'இன்னும் இருக்காடா?' என்று கேட்பதும் ஞாபகம் வந்தது.

இங்கே ஒரு விஷயம். என் மச்சான் நஸார் மருதானையில் வொர்க்ஷாப் திறக்கிறார். தலைமை மெக்கானிக்காக என்னை வா என்று மூன்று தரம் கூப்பிட்டார். வாஷர் விஷயம் உறுதியாகிவிட்ட பிறகு எந்த முகத்தோடு போய் இன்னொருவர் வண்டியில் கை வைப்பது? முடியாது என்று சொல்லிவிட்டேன். வேறு ஆள் பார்க்கிறார்.

இரண்டு வரி எழுதினாலும் போதும்.

நஜீம்


ஆனைக்கல் தோட்டம்,
7.4.1963

என் தம்பி நஜீமுக்கு,

இந்தக் கடிதத்தை எத்தனை தரம் தொடங்கிக் கிழித்தேன் என்று கணக்கில்லை.

நீ வாஷரை மடித்திருக்கிறாய். ஒரு காது அல்ல, இரண்டு காதும் மடித்திருக்கிறாய். ஹப் குலையாமல் அப்படியே இருந்தது. திறந்த அன்றே பார்த்தேன், பிறகு எதனால் கழன்றது என்று புரியாமல்தான் உனக்கு எழுதாமல் விட்டேன். இத்துடன் அந்த வாஷரை வைத்திருக்கிறேன். உன் உளி பட்ட தடம் அதில் இருக்கிறது, பார்த்துக்கொள்.

சக்கரத்தைக் கழற்றியது நான்.

அன்று விடியற்காலை வண்டியை எங்கள் லயத்து வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு நீ ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்கப் பீலிக்குப் போனாய். மீனம்மா உள்ளே காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தாள். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. முந்தின நாள்தான் நீ கழற்றி மாட்டிய சக்கரம், ஒருதரம் இறுக்கிவிடலாம் என்று ஸ்பானரை எடுத்து ஐந்து நட்டையும் வலப்பக்கம் ஒவ்வொரு இழுப்பு இழுத்தேன். ஐந்தும் கொஞ்சம் அசைந்து கொடுத்தன. பையன் தளர்வாக விட்டிருக்கிறான், நல்லவேளை நான் பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டேன். சொன்னால் உன் மனம் நோகும் என்று உன்னிடம் சொல்லவில்லை. நீ கவனமில்லாதவன் என்று அந்த நிமிஷம் மனதில் விழுந்ததுதான், துரை முன்னால் அவ்வளவு அடித்துச் சொல்ல வைத்தது.

உன் பிப்ரவரிக் கடிதம் வந்த அன்றே எல்லாம் விளங்கிவிட்டது. பயந்துபோய்ச் சும்மா இருந்தேன். மீனம்மாவின் காலை நினைத்துப் பயந்தேன். அவள் கம்புச் சத்தம் கேட்டாலே எழுந்து வெளியே போய்விடுவேன். போன மாதக் கடிதத்தில் நஸாரிடம் முடியாது என்று சொன்னதாக நீ எழுதியிருந்தாய். அதற்குப் பிறகும் பதினைந்து நாள் ஓட்டினேன். உனக்கு ஏன் பதில் போடவில்லை என்று முந்தாநாள் மீனம்மாவே கேட்டுவிட்டாள். உன் கடிதங்கள் எல்லாவற்றையும் படித்துக் காட்டி, உள்ளதைச் சொன்னேன். அவள் கடிதங்களை வாங்கி மடித்து என் கையில் வைத்தாள். பிறகு சொன்னாள்:

"என் காலு போனது போகட்டுங்க. தெரியாம செஞ்சீங்க. அந்தப் புள்ள கைய எதுக்கு அஞ்சு வருசமா கட்டிப் போட்டீங்க? இன்னிக்கே எழுதுங்க."

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டு வைக்கிறாள். நேற்றுப் புதுத் துரையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னார், வைத்தேன். என்னை என்ன செய்யப்போகிறார் என்று இன்னும் சொல்லவில்லை.

வண்டி முடிந்துவிட்டது. மூன்று சக்கரம் மாட்டியாயிற்று. இடது முன் சக்கரத்தை மாட்ட மட்டும் கை வரவில்லை. மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை தம்பி.

உன் அண்ணன்,
அழகுமுத்து


மருதானை,
கொழும்பு.
6.5.1963

அழகுமுத்து அவர்களுக்கு,

உங்கள் கடிதத்துக்கு ஒரு மாதம் பதில் போடவில்லை. நீங்கள் ஏழு வாரம் போடாமல் இருந்தீர்கள், அதைப் பார்த்தால் நான் தேவலை.

கண்டபடி திட்டி நான்கு பக்கம் எழுதினேன். மறுநாள் படித்துப் பார்த்துக் கிழித்துவிட்டேன். ஐந்து வருஷம் எனக்குப் பெரிதில்லை. தெரியாமல் செய்தது, தெரியாமல் சொன்னது. ஆனால் தெரிந்த பிறகு ஏழு வாரம் சும்மா இருந்தீர்களே, அது ஆறவில்லை. நஸார் மச்சான் அதற்குள் ஒரு பெரியவரைத் தலைமை மெக்கானிக்காக வைத்துவிட்டார். அவருக்குக் கீழே இரண்டாம் ஆளாகச் சேர்ந்திருக்கிறேன். முதல் நாள் ஒவ்வொரு நட்டையும் மூன்று தரம் சரிபார்த்தேன், இப்போது ஒரு தரம் போதும். வாஷரை என் மேசைக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் இது என்ன என்று கேட்கிறார்கள். நான் ஒழுங்காகச் செய்த வேலை என்று சொல்கிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்துவிட்டது. வரும் ஞாயிறு காலை ரயிலில் ஹட்டன் வந்து, பஸ் பிடித்து வருகிறேன். அக்காவைப் பார்க்க வருகிறேன், உங்களைப் பார்க்க அல்ல. நஸீரா வட்டிலாப்பம் செய்து வைப்பாள்.

அந்தச் சக்கரத்தைத் தூக்கி மாட்டி, நட்டுகளை விரலால் மட்டும் ஏற்றி வையுங்கள். இறுக்குவது நான். அக்கா பார்க்கத்தான் இறுக்குவேன். அவருக்குச் சம்மதமானால் முன் சீட்டில் உட்கார வைத்து, அந்த வளைவைத் தாண்டி ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறேன். அன்றைக்குப் பாதியில் நின்ற பயணம் அது.

நீங்கள் அங்கே இருக்க வேண்டாம் என்று எழுதத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். இருங்கள். பின் சீட்டில் ஏறிக்கொள்ளுங்கள் அண்ணே.

நஜீம்