குளோரோஃபார்ம் ஒட்டிய பெட்டி

செவ்வாய், இரவு. மழை விடவில்லை.

கப்பல் மாதிரியை மூடும் அக்ரிலிக் பெட்டியை நாளை கொடுக்க வேண்டும். கடையில் இருந்தது ஒரே ஷீட். அடுத்தது இந்தத் தீவுக்கு மெயின்லேண்டிலிருந்து கப்பலில்தான் வரும்.

குளோரோஃபார்ம் எனக்கு அலுப்பதே இல்லை. சினிமாவில் கைக்குட்டையில் ஊற்றி ஆளை மயக்குவார்கள். எங்களுக்கு அதுதான் பசை. ஊசியால் ஒரு சொட்டு விட்டால் இடுக்கு முழுக்க ஓடி, இரண்டு தகட்டையும் இளக்கி ஒன்றாக்கிவிட்டுத் தான் மட்டும் ஆவியாகிப் போய்விடும்.

ஈரக்காற்று பட்டால் ஒட்டு வெளுத்துவிடும். அதனால் கதவை அடைத்துக்கொண்டு செய்தேன், முட்டாள். மூன்று ஓரம் பளிங்காக வந்தது. நான்காவதில், கூட வேலை செய்யும் மல்லிகா அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"தலை கிர்ருங்குது தம்பி. தர்வாஜாவைத் திற."

"இன்னும் ஒரு ஓரம்தான்க்கா."

அப்படித்தான் சொன்னேன்.

அவரே போய்க் கதவைத் திறந்தார். சாரல் அடித்தது. கடைசி ஓரம் பாலாக வெளுத்தது.

வாசலில் உட்கார்ந்து தெளிந்த பிறகு, அந்த ஓரத்தையே பலம் கொண்டமட்டும் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. "ஜாயின்ட் பக்கா தம்பி" என்று சிரித்தார்.

வெளுத்த ஓரத்தை நாளை சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடலாம். நான் சொன்னதை எங்கே திருப்பி வைப்பது?