சங்கிலிப் பாறையில் நீங்கள் கூப்பிட்டபோது

மச்சாள்,

நேற்று மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் இருக்கும் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். உங்கள் மகள் அலுமாரியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். உங்களுடைய மஞ்சள் மழைக்கோட்டை எடுத்து என் மடியில் வைத்தாள். ஒரு கை முழங்கையிலிருந்து நுனிவரை கிழிந்திருந்தது.

"மாமி, நீங்க அம்மாவைப் பிடிச்சு இழுத்த நேரம்தானே இது கிழிஞ்சது? நீங்களே வச்சிருங்க. மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாள்.

கிழிசல் உள்ளே மறையும்படி கோட்டை மடித்தேன். துயரம் என்று நினைத்திருப்பாள். அது பயம், மச்சாள்.

நியூபவுண்ட்லாந்துத் தீவுக்குப் போவோம் என்றது நீங்கள்தான். ஜான்-டலோன் சந்தையில் உங்களோடு பழக்கடையில் வேலைசெய்த பெண் அந்தத் தீவுக்காரி. கடலில் வீடளவு பனிப்பாறைகள் மிதந்து வரும் என்று சொல்லி உங்கள் ஆசையைக் கிளப்பிவிட்டாள். சுனாமி நம் ஊருக்குள் புகுந்ததற்கு அடுத்த கோடை அது. என் அக்காவைக் கடல் கொண்டுபோனதிலிருந்து நான் ஆற்றங்கரைப் பூங்காவுக்குக்கூடப் போவதில்லை.

"மட்டக்களப்பில பிறந்திட்டுக் கடலைப் பார்க்காம எவ்வளவு காலத்துக்கு இருப்பாய்? பிள்ளையத் தம்பி பாத்துக்கொள்ளுவான். வா கா, போவம்" என்றீர்கள். உங்கள் தம்பியிடம், அதாவது என் கணவரிடம், மூன்று வயது மகனை விட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

அங்கே நாம் தங்கிய சென்ட் ஜோன்ஸ் நகரம் எனக்குப் பிடித்திருந்தது. செங்குத்தான தெருக்கள், ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில் மரவீடுகள். "வாங்கின பெயின்ற் ஒண்டையும் மிச்சம் வைக்கேல்ல போல" என்று சிரித்தீர்கள். பொரித்த மீனில் வினாகிரி ஊற்றிச் சாப்பிட்டோம். மறுநாள் காலை துறைமுக வாசலுக்கு மேலே உள்ள குன்றில் ஏறினோம். தூரத்தில் ஒரு பனிப்பாறை வெளிர்நீலமாய் நின்றது. நீங்கள் வாயில் கைவைத்துக்கொண்டு பார்த்தீர்கள். நான் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

இறங்கும்போது கடலோரப் பாதையால் போவோம் என்றீர்கள். பாதி வழியில் மூடுபனி கடலிலிருந்து மேலே ஏறி வந்தது. துறைமுகம் மறைந்தது, குன்று மறைந்தது. என் சப்பாத்தும் முன்னால் சில அடிப் பாறையும் மிஞ்சின. ஓரிடத்தில் பாதை ஒரு ஆள் அகலம்தான். பாறையில் அடித்திருந்த சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டும். நீங்கள் முன்னால் போனீர்கள். கீழே அலை மோதும் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா கடைசியாகக் கேட்டதும் இந்தச் சத்தம்தானோ என்று நினைத்ததும் என் கால்கள் நகர மறுத்தன.

கற்கள் உருண்டன. உங்கள் கால் வழுக்கியது. ஒரு கையால் சங்கிலியில் தொங்கியபடி மறு கையை என் பக்கம் நீட்டினீர்கள்.

"மச்சாள், கையைத் தா! மச்சாள்!"

எட்டிப் பிடிக்கிற தூரம்தான். நான் முகத்தைப் பாறையில் புதைத்துக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். திரும்பவும் கூப்பிட்டீர்கள். பிறகு கூப்பிடவில்லை. விழுந்துவிட்டீர்கள் என்றே நினைத்தேன். அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை.

எதிர்ப்பக்கமிருந்து நாயோடு வந்த ஒரு பெண்தான் உங்கள் கோட்டுக் கையைப் பற்றி, அது கிழியக் கிழிய மேலே இழுத்திருக்கிறாள். பிறகு என்னிடம் வந்தாள். "ஒன்றுமில்லை, மை லவ்" என்று தன் ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லி, சங்கிலியிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்தாள்.

அறைக்குத் திரும்பியதும் எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தீர்கள். உங்கள் உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது.

"நீ கை தராதது நல்லம். தந்திருந்தா ரெண்டு பேரும் போயிருப்பம். பிள்ளையத்தானே நினைச்சாய்? அதுதான் சரி."

நான் தலையாட்டினேன்.

மொன்றியல் விமான நிலையத்தில் நான் வாய் திறக்குமுன் நீங்கள் தம்பியிடம் சொன்னீர்கள்: "இவள் பிடிச்சிராட்டி இண்டைக்கு நான் இல்லை." திகைத்துப்போய் உங்களைப் பார்த்தேன். நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டீர்கள். பிறகு நாம் இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை. பிறந்தநாள், கோயில் திருவிழா என்று எங்கே கூடினாலும் யாராவது அந்தக் கதையை எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் உங்கள் முகத்தைப் பார்ப்பேன். நீங்கள் எதையாவது பரிமாறிக்கொண்டிருப்பீர்கள்.

இந்தத் தை மாதம் உங்கள் இதயம் நின்றுபோனது. இறுதிச் சடங்கில் உங்கள் தம்பி எல்லோர் முன்னிலும் அதையே சொல்லி அழுதார். முன்பின் தெரியாதவர்கள் வந்து என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நேற்று உங்கள் மகளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அவள் நன்றியோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னால் முடியவில்லை.

உங்களிடமாவது சொல்கிறேன். பிள்ளையை நினைத்தேனா என்று கேட்டபோது நான் தலையாட்டியது பொய், மச்சாள். அந்தப் பாறையில் மகனின் முகம் எனக்கு வரவில்லை. யாருடைய முகமும் வரவில்லை. நான் மட்டும்தான் இருந்தேன்.

அவன் இப்போது பள்ளிக்குப் போகிறான். வீட்டுக்கு வந்ததும் பின்னாலிருந்து "அம்மா" என்று கூப்பிடுகிறான். எனக்கு முதலில் கேட்பது அந்தப் பாறையில் நீங்கள் கூப்பிட்ட குரல்தான். ஒரு கணம் பிந்தித்தான் திரும்புகிறேன்.